அக்கா படித்து முடிக்கும்வரை

என் அக்கா திருப்பதியில் ஒரு மேடையில் ஏறி, சம்பந்தி எழுதிய புத்தகத்தைக் கிழித்து அவர் முகத்தில் வீசினாள் என்றும், அதே இடத்தில் கல்யாணம் நின்றுபோனது என்றும் நான் கேள்விப்பட்டது குவைத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பகலில், சலவைக்கடை வாசலில். சொன்னவர் நாகபூஷணம். சத்தியவேட்டுக்காரர், இங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அவரும் நேரில் பார்க்கவில்லை. அவர் மச்சான் புத்தூரில் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு, போனில் சொன்னானாம்.

"தாட்சாயணின்னா உங்க அக்கா தானேப்பா? லாட்ஜில வேலை செய்யறாங்களே? கிழிச்சிட்டாங்களாமே!"

"இன்னாத்த?"

"புக்கத்தான். பர்ருன்னு."

"எங்க அக்கா புக்கோட மூலையக்கூட மடிக்க மாட்டா" என்றேன்.

"சரி, கல்யாணத்த நிறுத்துவாங்களா?" என்று கேட்டார்.

துணி மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். அக்கா எடுக்கவில்லை. மாமா எடுக்கவில்லை. அக்கா மகள் காவ்யா மட்டும் ஒரு வரி அனுப்பினாள்: 'அப்புறம் பேசறேன் மாமா. இப்ப பேசினா அம்மாவத் திட்டிடுவேன்.'

கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி ஒரு வரி போதும். யாருக்கு மயக்கம் வந்தது, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று மனசு அதுவாகவே ஒரு நாவல் எழுத ஆரம்பித்துவிடும். அக்கா கேட்டிருந்தால், "இதுலயும் கடைசில யாரயோ சாவடிச்சிருப்பியே" என்றிருப்பாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் புரியும்.

அக்கா வீடு சித்தூரில். மாமா நரசிம்மன் மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றில் பாய்லர் பார்க்கிறார். அக்காவுக்கு வேலை திருப்பதியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில். படுக்கை விரிப்பும் துண்டும் அவள் பொறுப்பு. காலையில் பஸ் ஏறி, சாயந்திரம் பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் பிடித்து, படித்துக்கொண்டே போவாள், படித்துக்கொண்டே வருவாள். புத்தகம் வாங்கிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மலைக்கு வருகிறவர்கள் அறையில் எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். மொட்டை போட்டவர்கள் சீப்பை விடுவார்கள். அவசரக்காரர்கள் சார்ஜரை விடுவார்கள். கொஞ்சம் பேர் நாவலை விடுவார்கள்.

"சார்ஜருக்குப் போன் வரும். ஒத்தச் செருப்புக்குக்கூட ஹைதராபாத்துலருந்து ஒருத்தன் போன் பண்ணான். நாவல விட்டுட்டுப் போய்ட்டேன், எடுத்து வையுங்கன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கலடா ரமணா. அப்ப அது இன்னா லட்சணத்துல இருக்கும்னு பாத்துக்க" என்பாள். சொல்லிவிட்டு அதையே எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள்.

விட்டுப் போனவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள் என்று முதலில் பார்ப்பாள். தரிசன டிக்கெட்டோ காய்ந்த துளசியோ லட்டுக் கவரின் கிழிசலோ அங்கே இருக்கும். அந்தப் பக்கம் வந்ததும் படிப்பதை நிறுத்தி, முன்னே படித்தவருக்காக ஒரு உச்சுக் கொட்டுவாள். "பாவம். இங்கதான் நிலா வர்ணனை வருது. அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு, மலை ஏறிட்டாரு."

எங்கள் ஊர் நகரி பக்கம். வீட்டில் தமிழ். என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்து ஐந்தாவதுக்குப் பிறகு தெலுங்குக்கு மாற்றினார்கள். அக்கா படித்த காலத்தில் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியாரே இல்லை. அதனால் அவளுக்கு முதல் வகுப்பிலிருந்தே தெலுங்குதான். தமிழ் எழுத்தை அவள் பிற்பாடு, திருத்தணி பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டாள். ஆகவே தெலுங்கு நாவல் என்றால் ஓடுவாள். தமிழ் நாவல் என்றால் எழுத்துக் கூட்டி, உதடு அசைத்து, நடந்துதான் போவாள்.

"தெலுங்குல வர்ணனை வந்தா ஒரே தாண்டு. தமிழ்ல தாண்டத் தெரியல. எது விஷயம், எது வர்ணனைன்னு படிச்சி முடிச்சாத்தான் தெரியுது. அதுக்குள்ள ஏமாந்துடறேன்."

இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வம்பும் இதிலிருந்துதான் வந்தது.

படித்ததும் அவளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எங்கள் தாத்தா நாகையா பேரில் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதில் குரல் பதிவு போடுவாள். பின்னணியில் பஸ் ஹாரன், கண்டக்டர் சத்தம், நடுவில் அக்கா.

ஒரு தெலுங்கு நாவலில் கதாநாயகன் டாக்டர். "புக்கு முழுக்க இவரு ஒரு பேஷண்டக்கூட பாக்கல. மொட்ட மாடில நின்னுகினு நட்சத்திரத்தப் பாக்கறாரு. கீழ ஓ.பி.ல ஜனம் வரிசைல நிக்கும்ல? அவங்கள யாரு பாக்கறது? அவர அந்தப் பொண்ணு கட்டிக்கலன்னு அழறாரு. நானா இருந்தாலும் கட்டிக்க மாட்டேன், டியூட்டி பாக்காதவன."

ஒரு ராஜா கதை. "மாறுவேஷம் போட்டுக்கினு ஊரச் சுத்தறான். வேஷம்னா இன்னா, ஒட்டு மீச. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியலயாம். எங்க வீட்டுக்காரு இருக்கற மீசைய எடுத்துட்டு வந்தாரு. தெரு நாய்கூட கொலைக்கல, வால ஆட்டுச்சு."

நான் ஒருமுறை சென்னையிலிருந்து வரவழைத்து அனுப்பிய நாவல், பரிசு வாங்கியது. செத்துப்போன ஒருவன் தன் கதையைத் தானே சொல்வான். எனக்கு உயிர். அக்கா பதிவு போட்டாள்: "செத்தவன் பேசறான். சரி, பேசட்டும். செத்தவனுக்கு எதுக்குடா இவ்ளோ பசி? பக்கத்துக்குப் பக்கம் மீன் கொழம்பு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது ஒரு உத்திக்கா. அந்தப் பசிதான் கதையே. நான் ரெண்டாவது அத்தியாயத்துல அழுதேன்."

"அழுதியா? எந்த எடத்துல?"

சொன்னேன்.

"ஓ. அங்க என் ஸ்டாப் வந்திடுச்சு."

அவள் சொல்வதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. பாதி அநியாயம். அந்த நாவலை இன்றைக்கும் அவள் மறுபடி திறக்கவில்லை. ஒரு புத்தகத்தில் கதாநாயகன் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை என்பதற்காகவே கீழே வைத்தவள் அவள். அவளுக்குப் பிடித்ததாக நான் அறிந்தது ஒரே ஒரு தெலுங்கு நாவல், அட்டை போனது, பெயரே தெரியாது. இரண்டு ஓரகத்திகள் வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க அலைகிற கதை. "யாரும் சாவல. கடைசில லைட்டு எரிஞ்சுது. ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கினே துன்னாங்க. நல்லா இருந்துது." அதை இரண்டு தடவை படித்தாள்.

யாரும் சாகவில்லை என்பது அவளுக்குப் பெரிய விஷயம். நல்ல பெண்ணாக ஒருத்தியைக் கொண்டுவந்து, எல்லா வேலையும் வாங்கிக்கொண்டு, கடைசி அத்தியாயத்தில் அவளைக் கொல்கிறார்கள் என்பதுதான் அவளுடைய நிரந்தரப் புகார். "ஆம்பளைக்குக் காய்ச்சல் வந்தா கஷாயம் குடிச்சுட்டு எழுந்துக்கறான். பொம்பளைக்கு வந்துச்சா, எழுதறவருக்கு வேல முடிஞ்சுது. அவள எடுத்துட்டு இவன் தாடி வளத்துக்குவான்."

இப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போய் ஒரு நாவலாசிரியர் சம்பந்தம் பேசினார்.

காவ்யா திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். பையன் யஸ்வந்த், ஏர்பேடு பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். இருவருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி, நிச்சயதாம்பூலம் முடிந்தது. முகூர்த்தத் தேதி மட்டும் பையன் வீட்டார் சொல்ல வேண்டும். பையனுடைய அப்பா கோவர்த்தனன், புத்தூரில் இருக்கிறார். தமிழ்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் குறைந்து, கடைசியில் காலி பெஞ்சுக்குத் திருக்குறள் சொன்ன மனிதர். ஓய்வு பெற்றதும் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். பெயர் 'மாந்தோப்புச் சுடர்'. நல்ல தடிமன். நிச்சயத் தட்டில் பழம், பூ, புடவை, மஞ்சள், கூடவே அதுவும் வந்தது.

உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி. அந்த வாரமே எல்லாரும் 'அருமை' என்று கைகூப்பி அனுப்பிவிட்டார்கள். குவைத்திலிருந்தும் ஒரு கைகூப்பல் போனது. அக்கா மட்டும் ஒன்றும் அனுப்பவில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தாள். மாங்காய் சீசன் ஆரம்பித்து, கூழ்க் கம்பெனி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டிய பிறகும் படித்துக்கொண்டிருந்தாள்.

யஸ்வந்தின் கம்பெனிக்காரன் ஒருவன் அந்த பஸ்ஸில் வருவான். அவன் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான்: "உங்க அத்த தெனமும் சாரோட புக்குதான். வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாக்கறாங்க. ஒரே பக்கத்துல பாகாலாலருந்து சந்திரகிரி வரைக்கும் இருக்காங்க."

இது கோவர்த்தனன் காதுக்குப் போயிற்று. அவர் தமிழாசிரியர் அல்லவா, அவருக்கு என்ன தோன்றும்? ருசித்துப் படிக்கிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள் என்று தோன்றிவிட்டது. எழுத்துக் கூட்டுகிறாள் என்று அவருக்கு யார் சொல்வது? மறு ஞாயிறே, பழப்பையோடு சித்தூருக்கு வந்துவிட்டார். திருப்பதியில் புத்தக அறிமுக விழா வைத்திருக்கிறார், அக்கா பேச வேண்டும்.

"சார், நான் லாட்ஜில துணி எடுத்துக் குடுக்கறவ. மேடைல நான் இன்னா பேசறது?"

"அதான் வேணும்மா. மத்தவங்க எல்லாரும் என்னப் பத்திப் பேசுவாங்க. நீங்க புக்கப் பத்திப் பேசுங்க. நீங்க பொய்யா புகழ மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். நீங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா, அது ஐ.எஸ்.ஐ. முத்திர."

"நல்லா இல்லன்னா?"

அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாராம். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நான் வாரத்தில் இரண்டு தடவை போன் செய்து கெஞ்ச ஆரம்பித்தேன். "அக்கா, ரெண்டு நல்ல வார்த்த. அவ்ளோதான். காவ்யா வாழ்க்கக்கா."

"நல்ல வார்த்த சொல்றதுக்கு நீ இன்னாத்துக்குடா கெஞ்சற? நெஜமாவே நல்லா இருக்குது."

நான் நம்பவில்லை. அவளே சொன்னாள். அந்தக் கதையில் அலமேலு என்று ஒருத்தி. மாங்கன்றுக்கு ஒட்டு கட்டுகிறாள். தோத்தாபுரி மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சித்தூர் மண்டிக்குத் தானே போய், தெலுங்கில் விலை பேசி, தமிழில் திட்டிவிட்டு வருகிறாள். கிணற்றுக் கப்பி விழுந்து முன்பல் பாதி உடைந்தவள். சிரித்தால் கையால் மூடிக்கொள்ளாதவள். "தமிழ்ப் புக்குல ஒருத்தி வேல செய்யறத இப்பதான்டா பாக்கறேன். பேசறது மட்டும் கொஞ்சம் பேப்பர் மாதிரி பேசறா. 'ஏன் தாமதம்' அப்டீங்கறா. போவட்டும், வாத்தியாரு எழுதினது. ஆனா அவ நம்ம ஊருப் பொண்ணு."

அந்த உடைந்த பல்லை எனக்குத் தெரியும். நிச்சயத்தன்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். கோவர்த்தனன் மனைவி செங்கம்மாவின் பல் அது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனிதர் தன் மனைவியைத்தான் எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. புத்தகத்தில் தான் இருப்பது அவருக்குத் தெரியும், என்னவாக இருக்கிறோம் என்பது தெரியாது. எனக்கு ஒரே நிம்மதி. ஆடி முடிந்ததும் தேதி சொல்வார்கள், லீவு போடலாம் என்று மேனேஜரிடம் பேசியே விட்டேன்.

அக்காவுக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. அதை விழாவுக்குப் போகிற பஸ்ஸில் படித்தாள்.

அன்று நடந்ததைக் காவ்யா, நான் போன் போட்டதற்கு மறுநாள், அழுதும் திட்டியும் சொன்னாள். யஸ்வந்த் போனில் எடுத்த வீடியோவும் பாதிவரை இருக்கிறது. சின்ன ஹால், முன்வரிசையில் புதுப் பட்டும் கனகாம்பரமுமாகச் செங்கம்மா. மேடையில் பேசியவர்கள் சாரின் தமிழ்த்தொண்டைப் பற்றி நன்றாகவே பேசினார்கள். கடைசியில் அக்கா.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. இந்தப் புக்குல அலமேலுன்னு ஒரு பொண்ணு வருது. அதுக்காகவே படிச்சேன். எனக்குத் தமிழ் வேகமா வராது. அதனால அவளோட ரொம்ப நாளு இருந்துட்டேன். காத்தால பஸ் ஏறுனா அவ எனக்கு எடம் போட்டு வச்ச மாதிரி இருக்கும்."

இதுவரை கைதட்டல். கோவர்த்தனன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"இன்னிக்கும் அப்டித்தான் வந்துகினு இருந்தேன். பாகாலா தாண்டும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்துது. சந்திரகிரி வர்றதுக்குள்ள செத்துட்டா."

ஹாலில் யாரோ இருமினார்கள்.

"சார், நான் கேக்கறேன், அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு? தோப்பப் பாத்தா, மண்டியப் பாத்தா, புள்ளையப் படிக்க வச்சா. ஒரு மாத்திர வாங்கிக் குடுக்கக் கூடாதா? சித்தூர்ல ஆஸ்பத்திரி இல்லயா? வேலூருக்கு பஸ்சு இல்லயா? வீட்டுக்காரரு கால்மாட்டுல ஒக்காந்து அவ முகம் நிலா மாதிரி இருக்குன்னு பாத்துக்கினே இருக்காரு. எழுந்து போய் ஆட்டோ கூப்பிட வேணாமா? அவ செத்தப்புறம் அலிபிரில படி ஏறி மலைக்குப் போறாரு, படிக்கு ஒரு கவித. அதெல்லாம் அவ உயிரோட இருக்கும்போது வராதா? இதோ பாருங்க, இந்தப் பக்கத்துல..."

காட்டுவதற்காகப் புத்தகத்தை விரித்தாள். மாதக்கணக்காகப் பஸ்ஸிலும் சோற்றுப் பையிலும் கிடந்த புத்தகம். பசை விட்டு, கடைசிக் கொத்துப் பக்கங்கள் பிரிந்து மேடையில் கொட்டின. நாகபூஷணத்தின் மச்சானுக்கு யார் மூலமாகவோ போய்ச் சேர்ந்தது இதுதான்.

கீழே செங்கம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது வீடியோவில் நன்றாகக் கேட்கிறது.

"யாரு செத்தது?"

"நீதான்க்கா."

அந்த அம்மாள் மெதுவாக எழுந்தார். "இந்தாய்யா. என்னியவா சாவடிச்ச?"

"இது கற்பனை, செங்கம்மா. கற்பனைப் பாத்திரம்" என்றார் கோவர்த்தனன், மேடையிலிருந்தே.

"இது கற்பனையா?" என்று செங்கம்மா வாயைத் திறந்து உடைந்த பல்லைச் சபைக்குக் காட்டினார். ஹாலே சிரித்தது. அங்கே வீடியோ நின்றுவிடுகிறது.

கோவர்த்தனன் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் தனியாகப் புத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டார். செங்கம்மா நிதானமாகச் சாப்பிட்டார். பாயசம் இரண்டாவது தடவையும் வாங்கினார். பிறகு புத்தூருக்குப் போகாமல் ஏர்பேட்டில் தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இத்தன வருசம் பக்கத்துலயே இருந்துட்டு, ஒரு காய்ச்சலுக்கு என்ன எடுத்துட்டாரு. எனக்கு உயிர் குடுத்து எழுதற வரைக்கும் மணையில அவரு பக்கத்துல ஒக்கார மாட்டேன். செத்தவ எப்டி மருமகளுக்கு முகூர்த்தப் பொடவ எடுத்துக் குடுக்கறது?" இதுதான் அவர் சொல்லியனுப்பியது.

தாய் இல்லாமல் முகூர்த்தம் பார்க்க அவர்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை. தேதி அப்படியே நின்றது.

அக்கா போனை எடுத்ததும் நான் ஒரே கத்தாகக் கத்தினேன். "உனக்கு இன்னாக்கா கேடு? அருமைன்னு சொல்லிட்டு எறங்க வேண்டியதுதானே? ஊரு பூரா அதத்தானே சொல்லுச்சு?"

"அருமையாத்தான்டா இருந்துது. அதான் கோவம். மட்டமான புக்கா இருந்தா யாரு எப்டிச் செத்தா எனக்கின்னா?"

"காவ்யா கல்யாணம் நின்னுச்சுன்னா?"

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சியா? சோறு எறங்கல. அதுக்கோசரம் அவ செத்தது நல்லா இருந்துச்சுன்னு எப்டிடா சொல்றது?"

காவ்யா போனை வாங்கினாள். "உலகத்துல எல்லா அம்மாவும் பொய் சொல்றாங்க மாமா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பொண்ணுக்கு சமையல் தெரியும்னு சொல்லியே கட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கு மட்டும் இப்டி ஒண்ணு!"

நான் நாகபூஷணத்திடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப கிழிக்கலயா?" என்று கேட்டு, ஏமாந்தவர்போல லாரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கோவர்த்தனன் லேசில் இறங்கவில்லை. படைத்தவனுக்குத்தான் முடிவு தெரியும், பாத்திரங்கள் கேட்டு வாங்க முடியாது என்றார். அந்தப் பாத்திரம் ஏர்பேட்டில் இருந்தது. புத்தூரில் அடுப்பு எரியவில்லை. யஸ்வந்த் காவ்யாவிடம் சொன்னான்: "நைனா மூணு வேளையும் உப்புமா கிண்டித் துன்னுகினு இருக்காரு. அதுவும் கட்டி கட்டியா. எனக்கும் அதான்." பிறகு ஒருநாள் அவர் பேனாவை எடுத்ததாகச் செய்தி வந்தது. கொஞ்ச நாளில் கடைசி அத்தியாயத்தைத் திருத்தி, பிரிண்ட் எடுத்து, யஸ்வந்திடம் கொடுத்து மனைவியிடம் அனுப்பினார்.

செங்கம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது. உங்க நைனா படிச்சா நடுவுல மாத்திப் படிப்பாரு. நீ அவரு கட்சி. சித்தூரு அண்ணி படிக்கட்டும். அவங்க படிச்சிட்டு நான் இருக்கேன்னு சொன்னா, அன்னிக்கே தேதி வையுங்க."

ஆக, அந்தக் காகிதக் கட்டு இப்போது அக்கா கையில் இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. அக்காவும் லீவு போட்டிருக்கிறாள். காவ்யா தன் போனில் வீடியோ போட்டு, நான் பார்க்கும்படி ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருக்கிறாள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணாடி மூக்கு நுனியில், உதடு அசைய, படிக்கிறாள். மாமா மூன்றாவது தடவையாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார்.

"அம்மா, கடைசிப் பக்கத்த மட்டும் பாத்துட்டு சொல்லிடும்மா" என்றாள் காவ்யா. அவள் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து அவளுக்கு வெறும் கோலம்.

"அது ஏமாத்து. நடுவுல இன்னா நடந்துதுன்னு செங்கம்மா அண்ணி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"காவ்யா, அந்தக் கடைசித் தாள கேமராகிட்ட காட்டு. நான் படிச்சிடறேன்" என்றேன்.

அக்கா கட்டைத் திருப்பி மடியில் கவிழ்த்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். "நீ அவசரக்காரன். 'அருமை'ன்னு கைகூப்பி அனுப்பினவன்தானே? சும்மா இரு."

"இதுவரைக்கும் எப்டி இருக்குது? அதயாவது சொல்லு."

"நல்லாருக்குது. இந்தத் தடவ பேப்பர் மாதிரி பேசல. 'இன்னாத்துக்கு லேட்டு'ன்னு கேக்கறா." சட்டென்று சிரித்தாள். விழாவுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அப்போதுதான். "பாவம், மனுஷன் கஷ்டப்பட்டிருக்காரு. உப்புமா கட்டி கட்டியா இருந்துதுன்னுகூட எழுதியிருக்காரு."

"உயிரோட இருக்காளா?"

"இருக்கா."

மாமா நடப்பதை நிறுத்தினார். காவ்யா கையைக் கூப்பினாள். அக்கா ஒரு தாளைப் புரட்டினாள், இரண்டு வரி உதடு அசைத்தாள், கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

"அய்யய்ய."

"இன்னாக்கா?"

"காய்ச்சல் வந்திருக்குது."

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. காவ்யா எட்டிப் பார்த்தாள். "ஏர்பேடு அத்தம்மா! அம்மா, எடு! எடும்மா, இருக்காங்கன்னு மட்டும் சொல்லு!"

"இருக்காளான்னு எனக்கே தெரியல, அவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

"தாட்சாயணி, எடுடி" என்றார் மாமா, கெஞ்சலாக.

"அக்கா!" என்று நான் குவைத்திலிருந்து கத்தினேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைப் பிரித்தாள்.

"இருங்கய்யா. புருசங்காரன் எழுந்துட்டான். ஆட்டோ கூப்புடப் போயிருக்கான்."

மேசைமேல் போன் அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அக்காவின் உதடு அடுத்த எழுத்துக்குப் போனது.